காயம் ஒருவருக்கு, தரவரிசை இருவருக்கு

கடிதத்தின் சுருக்கம்

பெயரும் ஊரும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒரு வாசகி ஏழு பக்கம் எழுதியிருக்கிறார். வயது 24. பெண்கள் இரட்டையர் பேட்மிண்டனைத் தொழிலாகக் கொண்டவர். 18 வயதிலிருந்து ஒரே இணையோடு ஆடிவருகிறார். உலகத் தரவரிசையில் இந்த ஜோடி 43-ஆவது இடத்தில் இருக்கிறது. ஐந்து வாரங்களுக்கு முன் ஒரு காலிறுதி ஆட்டத்தில், தலைக்குப் பின்னால் வந்த பந்தை வளைந்து அடித்துவிட்டு இடது காலில் தரையிறங்கியபோது இணையின் முழங்காலில் முன்சிலுவைத் தசைநார் அறுந்துவிட்டது. அறுவைச் சிகிச்சை முடிந்து அவர் இப்போது இயன்முறைப் பயிற்சியில் இருக்கிறார்.

தேசிய முகாமின் பயிற்சியாளர், 19 வயதான ஒரு பெண்ணோடு ஆடும்படி வாசகியிடம் சொல்லிவிட்டார். அடுத்த மாதப் போட்டி ஒன்றுக்குப் பெயரும் கொடுத்தாகிவிட்டது. இதற்கிடையில் மட்டை நிறுவனம் ஒன்று வாசகியின் பெயரில் மட்டும் நான்கு ஆண்டு ஒப்பந்தம் அனுப்பி, ஒரு வாரத்துக்குள் கையெழுத்துக் கேட்கிறது. எது வந்தாலும் பாதிப் பாதி என்று தோழிகள் இருவரும் 18 வயதில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ‘அடுத்த மாதம் எதற்கும் பெயர் கொடுக்கவில்லைதானே?’ என்று இணை தொலைபேசியில் கேட்டபோது, மென்று விழுங்கி ‘இல்லை’ என்று சொல்லிவிட்டாராம். இது துரோகமா, 43-ஆம் இடத்தை வைத்துக்கொண்டு புதியவரோடு பெரிய போட்டிகளில் ஆட முடியுமா, தேசிய பேட்மிண்டன் சங்கத்தை விட்டு வெளியேறலாமா, பேசாமல் ஒற்றையருக்கே திரும்பிவிடலாமா என்று கேட்கிறார். கடைசி ஐந்து வரிகளில் வேறொரு செய்தியும் இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அன்புள்ள சகோதரி,

விளையாட்டு வீரர்களின் ஒப்பந்தங்களைப் பார்க்கும் வழக்கறிஞரிடம் எழுதுகிறோம் என்று நினைத்துச் சட்டக் கேள்விகளை வரிசையாக எண் போட்டுக் கேட்டிருக்கிறீர்கள். நான் கடிதத்தை நிறுத்தி மறுபடி படித்த இடம் அந்தத் தொலைபேசி உரையாடல். நீங்கள் ‘இல்லை’ என்று சொல்வதற்கு இரண்டு நாள் முன்பே பதிவு போய்விட்டது. பன்னாட்டுப் போட்டிகளின் பதிவுப் பட்டியல் யாரும் பார்க்கும்படி வெளியாகிற ஒன்று. காலை நீட்டிப் படுத்திருக்கிற ஒரு வீராங்கனை நாள் முழுவதும் கைப்பேசியில் எதைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று உங்களுக்கே தெரியும். உங்கள் பெயருக்குப் பக்கத்தில் ஆறு ஆண்டுகளாகத் தன் பெயர் இருந்த இடத்தில் இன்னொரு பெயரை அவர் அங்கே பார்க்கக் கூடாது. இந்தப் பதிலை இத்தோடு மூடிவைத்துவிட்டு நீங்கள் முதலில் அவரைப் பார்க்கக் கிளம்பினால் எனக்கு மகிழ்ச்சிதான்.

துரோகம் என்ற சொல்லைக் கடிதத்தில் மூன்று முறை எழுதியிருக்கிறீர்கள். இரட்டையர் ஆட்டத்தில் இணை மாறுவது தொழிலோடு சேர்ந்தது. காயத்தால் மாறுவார்கள், பயிற்சியாளர் சொல்லி மாறுவார்கள், ஆட்டம் தேங்கிப்போய் மாறுவார்கள். இன்றைக்கு உலகின் முன்னணியில் இருப்பவர்களில் ஒரே ஒருவரோடு மட்டும் ஆடி முடித்தவர்கள் மிகக் குறைவு. ஆகவே வேறொருவரோடு களமிறங்குவதற்காக நீங்கள் தலைகுனிய வேண்டியதில்லை. சரிசெய்ய வேண்டியது அந்த ஒரு ‘இல்லை’. அதை இப்போதே சரிசெய்துவிடலாம். ஒரு மாதம் கழித்துச் சரிசெய்வது மிகக் கடினம்.

43-ஆவது இடம் யாருடையது?

‘43-ஆம் இடம் என் கையில் இருக்கிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கேதான் உங்களை முதலில் திருத்த வேண்டியிருக்கிறது. உலக பேட்மிண்டன் சம்மேளனம் இரட்டையருக்குக் கொடுக்கும் தரவரிசை ஜோடிக்கு உரியது. நீங்களும் அவரும் சேர்ந்து ஆடிய போட்டிகளில், கடந்த 52 வாரங்களில் கிடைத்த சிறந்த 10 முடிவுகளின் புள்ளிகளைக் கூட்டி வந்த இடம் அது. அதில் உங்களுக்குத் தனியாக ஒரு பங்கு கிடையாது, அவருக்கும் கிடையாது. 19 வயதுப் பெண்ணோடு நீங்கள் சேர்ந்து நிற்கும் நாளில் உங்கள் இருவர் கணக்கில் ஒரு புள்ளியும் இருக்காது.

அது எவ்வளவு தூரம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். சம்மேளனத்தின் உலகத் தொடரில் உயர்நிலையான சூப்பர் 1000 போட்டியை வெல்லும் ஜோடிக்கு 12,000 புள்ளி. அதே தொடரில் சில படி கீழே இருக்கும் சூப்பர் 300 வெற்றிக்கு 7,000. புதிய ஜோடிக்கு எளிதாக இடம் கிடைக்கும் கீழ்நிலைப் போட்டிகளில், சர்வதேச சேலஞ்ச் வென்றால் 4,000, சர்வதேச சீரிஸ் வென்றால் 2,500, ஃபியூச்சர் சீரிஸ் வென்றால் 1,700. மூன்று சர்வதேச சீரிஸ் கோப்பைகளைத் தூக்கினால்தான் ஒரு சூப்பர் 300 வெற்றியை எட்டிப்பிடிக்க முடியும். நீங்கள் கடந்துவந்த சிறிய அரங்குகளுக்கே திரும்ப வேண்டியிருக்கலாம். முதல் ஆறு மாதத்தை அதற்காக ஒதுக்கிவையுங்கள். மனத்தையும் செலவையும் சேர்த்தே சொல்கிறேன்.

இதற்கு எதிர்ப்பக்கமும் இருக்கிறது. ‘யாரோடும் ஆடாமல் காத்திருந்தால் எங்கள் இடமாவது மிஞ்சும்’ என்று இன்னொரு பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். மிஞ்சாது. 52 வாரக் கணக்கு வாரந்தோறும் நகர்ந்துகொண்டே இருக்கும், பழைய முடிவுகள் ஒவ்வொன்றாக உதிர்ந்துகொண்டே இருக்கும். இந்த அறுவைக்குப் பின் ஒன்பது மாதத்துக்கு முன்னால் போட்டிக்குத் திரும்பினால் நார் மறுபடி அறுந்துபோகும் ஆபத்து கூடும் என்பதால் மருத்துவர்கள் அவசரப்பட விடுவதில்லை. பலருக்கு ஓராண்டு ஆகிறது. அவர் திரும்பும்போது உங்கள் ஜோடிக் கணக்கில் பெரும்பாலான முடிவுகள் காலாவதியாகியிருக்கும்.

நீண்ட காயத்துக்கும் மகப்பேறுக்கும் பாதுகாக்கப்பட்ட தரவரிசை என்ற ஏற்பாட்டைச் சம்மேளனம் வைத்திருக்கிறது. அதைக் கேட்டுப் பெற வேண்டும், தானாக வராது. மருத்துவச் சான்றோடு தேசியச் சங்கத்தின் வழியாக உடனே விண்ணப்பியுங்கள். இருவரும் சேர்ந்து கையெழுத்திட்டே கடிதம் கொடுங்கள். காயம் ஒருவருக்கு, தரவரிசை இருவருக்கு என்பதால் அந்தக் கடிதத்தில் ஒரு கேள்வியையும் சேர்த்துவிடுங்கள்: இடைப்பட்ட காலத்தில் நான் வேறொருவரோடு ஆடினால் இந்தப் பாதுகாப்புக்கு ஏதும் பாதிப்பு வருமா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். முகாம் வராந்தாவில் யாராவது சொல்லும் பதிலை நம்பி ஓராண்டைப் பணயம் வைக்க வேண்டாம்.

இணை திரும்பி வருவாரா?

யாராலும் உறுதி சொல்ல முடியாத கேள்வி. ஆனால் இந்த இடத்தில் நின்றவர்கள் உங்களுக்கு முன்னால் பலர் இருக்கிறார்கள்.

இந்தோனேசியாவின் கிரேசியா பொலியை எடுத்துக்கொள்ளுங்கள். 2014 ஆசிய விளையாட்டுப் போட்டியில் நித்யா கிரிஷிந்தா மகேஸ்வரியோடு தங்கம் வென்றவர். ரியோ ஒலிம்பிக்குக்குப் பின் நித்யாவின் முழங்கால் அவரை ஆட விடவில்லை. கிரேசியா ஓய்வு பெறலாமா என்றே யோசித்தார். 2017 இல் தன்னைவிடப் பத்து வயதுக்கு மேல் இளையவரான அப்ரியானி ரஹாயுவோடு சேர்ந்தார். 2021 ஆகஸ்ட் 2 அன்று டோக்கியோவில் இருவரும் ஒலிம்பிக் தங்கம் வென்றார்கள். கிரேசியாவுக்கு அப்போது 33 வயது, அப்ரியானிக்கு 23. அந்த இறுதி ஆட்டத்தில் ஒரு கணம் என் கண்ணிலேயே நிற்கிறது. பந்து ஆடிக்கொண்டிருக்கும்போதே கிரேசியாவின் மட்டை நரம்பு அறுந்துவிட்டது. அவர் களத்தை விட்டு ஓடிப்போய் வேறு மட்டையை எடுத்துக்கொண்டு திரும்பும்வரை, அப்ரியானி முழுக் களத்திலும் தனியாக நின்று பந்தைக் கீழே விடாமல் காத்தார்.

அதே நாட்டின் ஆண்கள் இரட்டையர் வீரர் ஹென்ட்ரா செதியவானின் கதை இன்னொரு விதம். மார்க்கிஸ் கிடோவோடு 2007 இல் உலகப் பட்டம், 2008 இல் ஒலிம்பிக் தங்கம். பிறகு முகம்மது அஹ்சானோடு 2013, 2015 உலகப் பட்டங்கள். நடுவில் அஹ்சானைப் பிரிந்து மலேசியாவின் டான் பூன் ஹியோங்கோடும் ஆடினார். மறுபடி அஹ்சானிடமே திரும்பி, 2019 இல் தன் 35-ஆவது பிறந்தநாளன்று மூன்றாவது முறையாக அவரோடு உலகப் பட்டம் வென்றார். பிரிந்தவர்கள் திரும்பச் சேர்வது இந்த ஆட்டத்தில் அதிசயம் இல்லை.

எல்லாம் இப்படி இனிதாக முடிவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஜப்பானின் சயாகா ஹிரோட்டா டோக்கியோ ஒலிம்பிக்குக்குச் சற்று முன் இதே நாரில் காயம்பட்டு, முழங்காலில் பெரிய பட்டையோடு ஆடி, யுகி ஃபுகுஷிமாவோடு காலிறுதி வரை போனார். பிறகு அறுவை, மீண்டும் களம், மீண்டும் மற்ற காலில் காயம். கடைசியில் அந்த ஜோடி பிரிந்தது. ஃபுகுஷிமா அதன் பிறகு சேர்ந்தது மாயு மட்சுமோட்டோவோடு. 2018, 2019 இரண்டு உலகப் போட்டி இறுதிகளிலும் வலைக்கு அந்தப் பக்கம் நின்று தன்னைத் தோற்கடித்தவரோடு.

என் யோசனை, தற்காலிக இணை என்று இப்போதே வெளிப்படையாகச் சொல்லி, ஒரு தேதி வைத்துக்கொண்டு ஆடுங்கள். தேதி மூன்று பேருக்கும் தெரிந்திருக்க வேண்டும். உங்களுக்கு, பழைய இணைக்கு, அந்த 19 வயதுப் பெண்ணுக்கு. மூன்றாமவரை உங்கள் கடிதம் முழுக்க ‘அந்தப் பெண்’ என்றே குறிப்பிடுகிறீர்கள். அவருக்கும் ஒரு தொழில் வாழ்க்கை இருக்கிறது, அதில் ஓராண்டை உங்களிடம் கொடுக்கப்போகிறார். இவர் எனக்கு இடம் பிடித்துவைக்கத்தான் வந்தாரா என்று அவர் பின்னால் கேட்கும்படி ஆகிவிடக் கூடாது.

தேதியை எங்கே வைப்பது? ஒலிம்பிக் தகுதிக் காலத்தைப் பார்த்து வையுங்கள். இரட்டையரில் ஒவ்வொரு பிரிவிலும் 16 ஜோடிகளுக்குத்தான் இடம். பாரீஸ் ஒலிம்பிக்குக்கான தகுதிக் காலம் 2023 மே 1 முதல் 2024 ஏப்ரல் 28 வரை ஓடியது. அந்த ஓராண்டிலும் ஜோடியின் புள்ளிதான் கணக்கு. அடுத்த தகுதிக் காலம் தொடங்குவதற்குக் குறைந்தது மூன்று நான்கு மாதம் முன்பு, யாரோடு என்பது முடிவாகியிருக்க வேண்டும். நடுவில் இணை மாற்றினால் இரண்டு கணக்கும் அரைகுறையாக நிற்கும்.

புதிய ஜோடி பழகக் காலம் ஆகும், பயிற்சியாளர் சொல்வது போல மூன்று வாரத்தில் ஆகிற காரியம் இல்லை. நீங்கள் வலையருகே ஆடுபவர். அவர் பின்களத்திலிருந்து அடிப்பவர். தாளில் பொருத்தம் கச்சிதம். ஆனால் இருவருக்கும் நடுவில் வரும் பந்து யாருடையது, எதிரணி தூக்கி அடித்ததும் யார் எந்தப் பக்கம் விலகுவது, சர்வீஸுக்கு முன் நீங்கள் முதுகுக்குப் பின்னால் காட்டும் விரலுக்கு என்ன அர்த்தம் என்பதெல்லாம் ஆறு ஆண்டுகளில் உங்கள் உடம்புக்குள் போயிருக்கிறது. புதியவருக்கு அவற்றை வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கும். சொல்லும்போதுதான் உங்களுக்கே உங்கள் ஆட்டம் புரியும். அவர் தவறு செய்யும்போது ‘அவள் இருந்திருந்தால்’ என்ற முகத்தை மட்டும் காட்டிவிடாதீர்கள். 19 வயதில் அந்த முகம் மறக்காது.

கலப்பு இரட்டையரையும் யோசியுங்கள். அங்கே பெண் பெரும்பாலும் வலையருகேதான் ஆடுகிறார். உங்கள் பலமும் அதுவே. சீனாவின் ஜாவ் யுன்லெய் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பெண்கள் இரட்டையர், கலப்பு இரட்டையர் இரண்டிலும் தங்கம் வென்றவர். இரண்டு பிரிவிலும் ஆடினால் ஒரே நாளில் இரண்டு ஆட்டம் வரும். உங்கள் தோள்பட்டை வலியைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், அதனால் மருத்துவரைக் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

ஒற்றையருக்குத் திரும்புவதா? வேண்டாம். ஒற்றையரில் தேறாதவர்கள் ஆடுவது இரட்டையர் என்ற பழைய பேச்சு உங்கள் மனத்திலும் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. இரட்டையர் தனிக் கலை. ஒற்றையரிலும் பூஜ்யத்திலிருந்துதான் தொடங்க வேண்டும், அதுவும் ஆறு ஆண்டுகளாகப் பழகாத ஓட்டத்தோடு. 24 வயது இரட்டையருக்கு முதுமையும் இல்லை.

மட்டை நிறுவனத்தின் காகிதம்

ஒப்பந்தத்தின் படத்தை அனுப்பியிருந்தீர்கள். ‘எல்லோருக்கும் இதே அச்சடித்த படிவம்தான், மாற்ற முடியாது என்கிறார்கள்’ என்று குறிப்பும் இருக்கிறது. அச்சடித்த படிவத்திலும் பேனாவால் திருத்தி இரு தரப்பும் ஒப்பமிடலாம். தினமும் நடக்கிறது. ஒரு வாரக் கெடு என்பது பெரும்பாலும் நீங்கள் வேறு யாரிடமும் காட்டாமல் இருப்பதற்காகத்தான். இரண்டு வார நீட்டிப்பு கேட்டு இன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். மரியாதையான ஒரு வரி போதும். நீட்டிப்புக் கேட்டதற்காகவே வீராங்கனையை விட்டுவிடுகிற நிறுவனம், காயம்பட்டால் என்ன செய்யும் என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

படித்துப் பார்த்ததில் என்னை உறுத்தியவை இவை.

தரவரிசை நிபந்தனை. நீங்கள் உலகின் முதல் 50 இடங்களுக்குள் இல்லாவிட்டால் ஆண்டுத் தொகை பாதியாகும் என்று ஆறாவது பிரிவு சொல்கிறது. புதிய ஜோடியாகத் தொடங்கும் நாளில் உங்களுக்குத் தரவரிசையே இல்லை. அதாவது கையெழுத்திட்ட முதல் ஆண்டே பாதித் தொகைதான். அவர்கள் காட்டுகிற எண்ணைப் பார்த்து நீங்கள் கணக்குப் போட்டிருக்கிறீர்கள், வரப்போகிற எண் வேறு. புதிய இணை என்றால் முதல் 12 மாதங்களுக்கு இந்த நிபந்தனை பொருந்தாது என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். அதற்கு ஒப்பவில்லை என்றால் ஒப்பந்தமே உங்களுக்கு உதவாது.

காயம். மூன்று மாதம் தொடர்ந்து ஆடாவிட்டால் நிறுவனம் ஒருதலையாக முறித்துக்கொள்ளலாமாம். ஆனால் உங்களுக்கு வெளியேறும் உரிமை நான்கு ஆண்டும் கிடையாது. ஐந்து வாரங்களுக்கு முன் உங்கள் பக்கத்தில் நின்றவருக்கு என்ன நடந்தது என்று பார்த்த பிறகும் இதில் கையெழுத்திடாதீர்கள். குறைந்தது ஓராண்டுக் காயக் காலம், அதில் ஒரு பகுதித் தொகையாவது தொடர வேண்டும். மகப்பேறும் அதே பிரிவில் பெயர் சொல்லி வர வேண்டும்.

முடிந்த பிறகும் விடாத பிரிவு. நான்கு ஆண்டு முடிந்ததும் வேறு நிறுவனம் தரும் தொகையை இவர்களும் தந்தால் நீங்கள் இவர்களிடமே இருக்க வேண்டும் என்று 11-ஆவது பிரிவில் இருக்கிறது. நீக்கச் சொல்லுங்கள். முடியாதென்றால் 30 நாள் எல்லை போடுங்கள்.

இன்னொன்று, கண்ணில் படாமல் போகக்கூடியது. நிறுவனத்தின் துணை நிறுவனம் விற்கும் ஊட்டச்சத்துப் பொடியை நீங்கள் ‘பயன்படுத்தி விளம்பரப்படுத்த’ வேண்டும் என்று இணைப்புத் தாளில் இருக்கிறது. ஊக்கமருந்துத் தடுப்பு விதிகளின்படி, உடலில் தடைசெய்த பொருள் கண்டறியப்பட்டால் அது எப்படி உள்ளே வந்தது என்று பார்க்காமல் முதல் பொறுப்பு வீரர் தலையில்தான் விழும். ‘பயன்படுத்தி’ என்ற சொல்லை எடுத்துவிடச் சொல்லுங்கள். இதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை.

தேசியச் சங்கத்துக்கும் ஓர் உபகரண நிறுவனம் இருக்கும். அணிப் போட்டிகளில் எந்த உடை, எந்த மட்டை என்பதில் அந்த ஒப்பந்தமும் இதுவும் மோதினால் நடுவில் நசுங்குவது நீங்கள். சங்கத்தோடு நீங்கள் கையெழுத்திட்ட காகிதத்தையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பரிசுப் பணத்தை நம்பி இந்த ஒப்பந்தத்தை அவசரமாக உதறவும் வேண்டாம். 2018 இல் உலகத் தொடர் தொடங்கியபோது இருந்த பங்கீட்டின்படி, மொத்தப் பரிசில் ஒற்றையர் வெற்றியாளருக்கு 7.5 சதவீதம், இரட்டையர் வெற்றி ஜோடிக்கு 7.9 சதவீதம். ஒரு லட்சம் டாலர் போட்டி என்றால் ஒற்றையரில் 7,500, உங்களுக்கு ஆளுக்கு 3,950. அதிலும் வரி, பயணம், தங்குமிடம் போக வேண்டும். இரட்டையர் ஆடுபவருக்கு ஒப்பந்தப் பணம்தான் முதுகெலும்பு. அதனால்தான் அதை இவ்வளவு நேரம் பார்க்கிறேன்.

சங்கத்தை விட்டு வெளியேறினால்

‘வெளியே வந்தால் யாரையும் கேட்காமல் நானே போட்டிகளுக்குப் பெயர் கொடுத்துக்கொள்வேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். முடியாது. பன்னாட்டுப் போட்டிகளுக்குப் பதிவு தேசியச் சங்கத்தின் வழியாகத்தான் போகிறது. முகாமை விட்டு விலகினாலும் பெயர் அனுப்ப அவர்களிடமே நிற்க வேண்டும். அதனால் கதவை அறைந்து சாத்திவிட்டு வராதீர்கள்.

தனியாக ஆடி நிலைத்தவர்கள் இருக்கிறார்கள். ரியோவில் கலப்பு இரட்டையர் வெள்ளி வென்ற மலேசியாவின் சான் பெங் சூன், கோ லியு யிங் இருவரும் 2018 இறுதியில் சங்கத்தை விட்டு வந்து, டோக்கியோ ஒலிம்பிக்குக்கும் தகுதி பெற்றார்கள். ஆனால் அவர்கள் வெள்ளிப் பதக்கத்தோடு, சேர்ந்தே வெளியே வந்தார்கள். நீங்கள் இப்போது இணையில்லாமல், புள்ளியில்லாமல், பயிற்சிக் கூடமில்லாமல் வெளியே போகப் பார்க்கிறீர்கள். இந்த ஆண்டு அதற்கு ஏற்ற ஆண்டு இல்லை. முகாமில் இருந்துகொண்டே இரண்டைக் கேளுங்கள்: இணை பற்றிய முடிவில் உங்கள் கருத்து பதிவாக வேண்டும், காயம்பட்ட இணையின் சிகிச்சைச் செலவை யார் ஏற்கிறார்கள் என்பது எழுத்தில் வர வேண்டும். இரண்டாவதை அவருக்காக நீங்கள் கேட்பது நல்லது. படுக்கையிலிருந்து அவரால் அலைய முடியாது.

கடைசி ஐந்து வரிகள்

‘போன மாதம் ஓர் ஆட்டத்துக்கு முன், எதிரே நம் நாட்டு ஜோடிதான், அவர்களுக்குப் புள்ளி தேவைப்படுகிறது, பார்த்து ஆடுங்கள் என்று மேலாளர் சொன்னார். நாங்கள் ஒழுங்காகத்தான் ஆடினோம், தோற்றோம். இதெல்லாம் எங்கும் நடப்பதுதானே?’

போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். கடிதத்திலேயே மிக ஆபத்தான வரி இது. வெல்வதற்கு முழு முயற்சி செய்யாமல் ஆடுவது சம்மேளன விதிகளில் குற்றம். 2012 லண்டன் ஒலிம்பிக்கில், காலிறுதியில் சாதகமான எதிரணி கிடைக்க வேண்டும் என்று வேண்டுமென்றே தோற்க முயன்றதற்காகப் பெண்கள் இரட்டையரில் நான்கு ஜோடிகள் தகுதி நீக்கம் செய்யப்பட்டார்கள். மேலே சொன்ன கிரேசியா பொலி அந்த எட்டுப் பேரில் ஒருவர். அங்கிருந்து டோக்கியோ மேடைக்கு அவருக்கு ஒன்பது ஆண்டு ஆயிற்று. எல்லோருக்கும் அந்த இரண்டாம் வாய்ப்பு கிடைப்பதில்லை.

நீங்கள் ஒழுங்காக ஆடியது உங்களைக் காக்கும், ஆனால் முழுதாகக் காக்காது. இப்படிப்பட்ட அணுகுமுறை வந்தால் சம்மேளனத்துக்குத் தெரிவிப்பதும் வீரரின் கடமை. ஆகவே அன்று யார், எங்கே, எந்தச் சொற்களில் சொன்னார், அருகில் யார் இருந்தார்கள் என்பதை நினைவிருக்கும்போதே எழுதித் தேதியிட்டு வையுங்கள். கைப்பேசியில் அது தொடர்பான செய்தி இருந்தால் அழிக்காதீர்கள். முறைப்படி தெரிவிக்கும் முன் உங்கள் நாட்டிலேயே ஒரு வழக்கறிஞரை நேரில் பாருங்கள். இணையையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவரும் அந்த ஆட்டத்தில் இருந்தவர். இதைத் தள்ளிப்போடக் கூடாது.

பாதிப் பாதி

18 வயதில் பேசிக்கொண்ட பாதிப் பாதிக்குச் சட்டத்தில் மதிப்பில்லை என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். பல நாடுகளின் சட்டத்தில் வாய்மொழி உடன்பாடும் உடன்பாடுதான். மெய்ப்பிப்பதுதான் கடினம். ஆறு ஆண்டுகளாக வங்கி வழியாகப் பாதித் தொகையை மாற்றிவந்ததே உங்கள் விஷயத்தில் பெரிய சான்று. எனவே காயத்துக்கு முன் சேர்ந்து ஆடிய போட்டிகளின் பணம், இன்னும் வராமல் நிற்கும் பரிசு, பழைய விளம்பரத் தொகை எல்லாவற்றிலும் பாதி அவருடையது. இதில் தயங்க ஒன்றுமில்லை.

புதிய மட்டை ஒப்பந்தம் உங்கள் பெயரில், உங்கள் உழைப்புக்கு வருவது. அதில் அவருக்குச் சட்டப்படி பங்கு உண்டு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவரிடம் மறைத்து நீங்கள் அதில் கையெழுத்திட வேண்டாம். அவர் ஆடாத இந்த ஓராண்டுக்கு ஒரு பகுதியைக் கொடுக்க உங்களுக்கு மனம் இருப்பது கடிதத்தில் தெரிகிறது. கொடுப்பதானால் எவ்வளவு, எந்த மாதம் வரை என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். எழுதாத தாராளம்தான் தோழிகளைக் கடைசியில் என் போன்றவர்களின் அலுவலகத்தில் எதிரெதிர் நாற்காலியில் உட்காரவைக்கிறது. இதைப் பலமுறை பார்த்துவிட்டேன், பார்க்கும்போதெல்லாம் வலிக்கிறது.

அவரிடம் எப்படித் தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். அந்த ‘இல்லை’யிலிருந்தே தொடங்குங்கள். ‘அன்றைக்கு நான் சொன்னது பொய். பெயர் கொடுத்துவிட்டேன். உன்னிடம் சொல்லப் பயமாக இருந்தது.’ அதற்கு மேல் காரணம் சொல்லாமல் அவர் பேசட்டும் என்று விடுங்கள். கோபப்படுவார், அழுவார், போகச் சொன்னாலும் சொல்வார். போய்விட்டு மறுநாள் மறுபடி வாருங்கள். தேதி, தாள், பாதுகாக்கப்பட்ட தரவரிசைக்கான கையெழுத்து எல்லாம் அந்த இரண்டாம் நாளுக்கு.

பதிவுப் பட்டியல் என்றைக்கு வெளியாகிறது என்று சங்கத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதற்குக் குறைந்தது இரண்டு நாள் முன்னதாகப் போங்கள். தொலைபேசியில் சொல்ல வேண்டாம்.